பாட்டன் பிறந்த இடம்: பிறப்புப் பதிவேட்டின் சமூக வரலாறு

மனிதன் பிறப்பது இயற்கை நிகழ்ச்சி. அவன் பிறந்தான் என்பதை அரசு ஏற்றுக்கொள்வது வரலாற்று நிகழ்ச்சி. முதலாவதற்குத் தாயும் மருத்துவிச்சியும் போதும். இரண்டாவதற்கோ பதிவாளர், சாட்சி, கையொப்பம், முத்திரை என்பன வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலே உள்ள தூரம் சிலருக்கு நாலடி. வேறு சிலருக்கு நான்கு தலைமுறை. இத்தூரம் எவ்வாறு உண்டாயிற்று, அதனால் நன்மை பெற்றோர் யாவர், வருந்தினோர் யாவர் என்பனவற்றை நாம் இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

இன்று பிரதேச செயலகத்திலே பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி ஒன்றைப் பெற வேண்டுமாயின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கட்டணத்தைச் செலுத்துகிறோம். பதிவு இலக்கமும் தேதியும் தெரிந்திருந்தால் வேலை விரைவில் முடிகிறது. தெரியாவிடில் எழுதுவினைஞர் ஏடுகளைத் தேட வேண்டியிருக்கும். கணினியில் ஏற்றப்பட்ட பதிவாயின் பிறந்த ஊருக்குப் போகாமலே வேறு செயலகமொன்றிற் பிரதியைப் பெறும் வசதியும் இப்போது உண்டு. மூலப் பதிவுக்கு ஒத்தது என்று அதிகாரி கையொப்பமிட்டுத் தரும் அப்பிரதியை, 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றமும் சான்றாக ஏற்றுக்கொள்கிறது. பார்வைக்கு இது வெறும் கந்தோர் அலுவல். ஆனால் அந்தக் காகிதத்தில் உள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு காலத்தின் அரசியலைத் தாங்கி நிற்கிறது.

'கந்தோர்' என்ற சொல்லே ஒல்லாந்தர் நமக்கு விட்டுச் சென்றது. 'தோம்பு' என்ற சொல்லோ அவர்களுக்கு முன்வந்த போர்த்துக்கேயர் வழியாக வந்தது. எழுத்தும் ஏடும் நமக்குப் புதியனவல்ல. பிறந்த நேரத்தைக் குறித்துச் சாதக ஓலை எழுதும் வழக்கம் நெடுங்காலமாக நம்மிடையே உண்டு. ஆயினும் சாதகம் எழுதுவித்தவர்கள் சோதிடருக்குத் தட்சணை கொடுக்க வல்லவர்களே. வயலில் உழைத்தவனுடைய பிள்ளை 'பெருவெள்ளம் வந்த வருடம்' பிறந்தது; 'அம்மாள் நோய் பரவிய மாசம்' பிறந்தது. ஊரின் நினைவே அவனுக்குப் பதிவேடு. அந்த நினைவில் அவனுக்கு இடமிருந்தது. உரிமைப் பத்திரம் மட்டும் இல்லை.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தமது ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிற் கோவிற்பற்றுத் தோறும் பள்ளிக்கூடங்களை வைத்தனர். அங்கிருந்த உபாத்தியாயர் எழுத்தறிவித்ததோடு நின்றுவிடவில்லை. ஞானஸ்நானங்களையும் விவாகங்களையும் குறித்து வைப்பதும் அவர் கடமையாயிருந்தது. இவ்வேடுகளே பள்ளித் தோம்புகள் எனப்பட்டன. காணிகளையும் குடிகளையும் குறித்த தோம்புகள் வேறாக இருந்தன. ஞானஸ்நானம் பெறாதவனுடைய விவாகம் சட்டத்தின் முன் செல்லாது. செல்லாத விவாகத்திற் பிறந்த பிள்ளைக்கு முதுசத்தில் உரிமை கேட்பது கடினம். எனவே வீட்டிலே சிவனை வணங்கியவர்களும் பள்ளிக்கூடத்தில் ஞானஸ்நானப் பெயர் ஒன்றைப் பெற்றுக்கொண்டனர். பதிவேடு மக்களின் வாழ்க்கையை உள்ளபடி எழுதியது எனல் பிழை. மக்களே தம்மைப் பதிவேட்டுக்கு ஏற்றபடி எழுதுவித்துக் கொண்டனர் என்பதே பொருந்தும். வரியும் ஊழியமும் சமயமும் ஒன்று சேர்ந்து பிறப்பித்த ஏடு அது. அதனைப் பேணியவர் ஓர் ஆசிரியர் என்பதை ஆசிரியர்களாகிய வாசகர்கள் மனங்கொள்ளல் வேண்டும்.

1796இல் கரையோரப் பகுதிகள் பிரித்தானியர் வசமாயின. சமயச் சார்பற்ற குடிப்பதிவு ஒன்றை முறையாக நிறுவ அவர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. பிறப்பு, இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தோடு ஆரம்பித்தது. 1897ஆம் ஆண்டிலேயே அது கட்டாயமாக்கப்பட்டது. இவ்விரு ஆண்டுகளையும் வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் வரும் வழக்குக்கு இவையே சாட்சிகள். இடையில் 1871இல் நாடு தழுவிய முதலாவது குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலம் அது. எத்தனை கைகள் உழைக்கின்றன, எத்தனை உயிர்கள் கொள்ளை நோயில் மடிகின்றன என்பனவற்றை அறிய வேண்டிய தேவை ஆட்சியாளருக்கு இருந்தது. குழந்தையின் உரிமைக்காக அந்த ஏடு திறக்கப்படவில்லை. ஆட்சியின் கணக்குக்காகவே திறக்கப்பட்டது.

எனினும் ஆள்வோர் தம் தேவைக்காகச் செய்த கருவி சில வேளைகளில் மக்களின் கைக்கும் வந்து சேர்வதுண்டு. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியா இந்நாட்டை வதைத்தபோது சுமார் 80,000 உயிர்கள் மடிந்தன. பசியும் காய்ச்சலும் சேர்ந்து ஏழைக் கிராமங்களை அழித்தன என்பதை மறைக்க முடியாமற் செய்தவற்றுள் இறப்புப் பதிவேடுகளும் ஒன்று. அந்நாட்களில் நிவாரணப் பணிக்காகக் கிராமங்களுக்குச் சென்ற இளைஞர்களே 1935 டிசம்பரில் இலங்கை சமசமாஜக் கட்சியை நிறுவியவர்களுள் முன்னின்றனர். எண்ணிக்கை என்பது நடுநிலையான பொருளன்று. அதனை எவர் வாசிக்கிறார், எதற்காக வாசிக்கிறார் என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறது.

இனி மலைநாட்டை நோக்குவோம். தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்த மக்கள், 1830ஆம் ஆண்டுகள் தொடக்கம் கோப்பிக்காகவும், கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலைக்காகவும் காடுகளைத் திருத்தினர். இம்மக்களிடம் பத்திரம் இருக்கவில்லை என்று சொல்வது முற்றும் உண்மையன்று. பத்திரங்கள் இருந்தன, அவை எவ்வகையானவை என்பதே வினா. கடனைக் குறித்த 'துண்டு' இருந்தது. கடனை இறுத்தால் இத்தொழிலாளியை விடுவோம் என்று தோட்டத்துரை எழுதிய அச்சீட்டை வைத்தே ஒரு கங்காணியின் ஆட்கள் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினர். 1921ஆம் ஆண்டிலேயே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1901இல் தகரச் சீட்டு முறை வந்தது. போய்ச் சேரவேண்டிய தோட்டத்தைக் காட்டும் குறியீடு பொறித்த தகரத் துண்டைச் சுமந்தபடி தொழிலாளி பயணஞ் செய்தான். தோட்டத்திலே 'செக்ரோல்' இருந்தது. அதில் அவன் பெயரும் அவன் வேலை செய்த நாட்களும் இருந்தன. கடன்காரனாகவும் சரக்காகவும் கூலியாகவும் அவன் மிகக் கவனமாகப் பதியப்பட்டான். பிரசையாக மட்டும் அவன் எங்கும் பதியப்படவில்லை.

தோட்டத்துப் பிறப்புப் பதிவும் இதே வழியிலேயே நடந்தது. கிராமத்திலே பிள்ளை பிறந்தால் தந்தையோ உறவினரோ பதிவாளரிடம் நேரே போகலாம். விதானையாருக்கும் அச்செய்தி எட்டும். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பெயரிட்டபின், சட்டம் தந்த 42 நாட் தவணைக்குள் பதிவை முடிப்பது இயல்பாகவே அமைந்தது. லயத்திலே பிறந்த பிள்ளையின் செய்தியோ தோட்ட அத்தியட்சகர் வழியாகவே அரசுக்குப் போக வேண்டும் என்று சட்டம் வகுத்தது. தந்தைக்கும் அரசுக்கும் நடுவே முதலாளியின் கந்தோர் நின்றது. அங்கு பதிவு தவறினால் அதனைக் கேட்க எழுத்தறிவு இல்லை; பதிவில் பெயர் திரிந்தால் அதனைத் திருத்த ஒரு நாட் சம்பளத்தை இழந்து பட்டினத்துக்குப் போக வேண்டும். செக்ரோலில் ஒரு பெயர், பிறப்பேட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று ஒரே மனிதன் மூவராயினான். வழக்கப்படி தாலி கட்டி நடந்த விவாகங்கள் பல பதியப்படவில்லை. பிறப்புப் பத்திரத்திலோ, பெற்றோர் விவாகமானவர்களா என்ற கேள்வி காத்திருந்தது.

இப்பின்னணியில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தை நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு நவம்பர் 15ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அத்தேதிக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர், தமது தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, அன்றித் தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இலங்கையிற் பிறந்தவர்கள் என்றோ காட்டினாலே பரம்பரைப் பிரசையாவார் என அச்சட்டம் விதித்தது. தாம் இம்மண்ணிற் பிறந்தது மட்டும் போதாதாயிற்று.

சிறு கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். 1948இல் நாற்பது வயதான ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்தது 1908இல். தலைமுறைக்கு இருபத்தைந்து வருடம் எனக் கொண்டால், அவருடைய தந்தை பிறந்தது 1883இல். பிறப்புப் பதிவு கட்டாயமாவதற்குப் பதினான்கு வருடங்களுக்கு முன். பாட்டன் பிறந்தது 1858இல். பதிவுச் சட்டம் தோன்றுவதற்கே ஒன்பது வருடங்களுக்கு முன். பூட்டன் பிறந்தது 1833இல்; கோப்பிச் செய்கை அப்போதுதான் மலைநாட்டில் வேர்கொண்டது. அரசு தான் எழுதி வைக்காத ஏட்டிலிருந்து பிரதி எடுத்து வா என்று தன் குடியிடம் கேட்டது. இதனைச் சட்டம் எனலாம். நியாயம் எனல் இயலாது.

இதிலே மற்றோர் உண்மையும் உண்டு. 1883இற் பிறந்த தந்தைக்குப் பத்திரம் காட்டும்படி கேட்டிருந்தால், கண்டிக் கிராமத்துச் சிங்கள விவசாயியும் வன்னிக் கிராமத்துத் தமிழ் விவசாயியும் மட்டக்களப்பின் முஸ்லிம் விவசாயியும் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் நின்றிருப்பர். ஆனால் அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. சட்டத்தின் சொற்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்தன. கேள்வியோ குறித்த ஒரு கூட்டத்தாரை நோக்கியே விடுக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் இலங்கை இந்தியக் காங்கிரசின் வேட்பாளர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். வேறு சில தொகுதிகளில் அவர்களுடைய வாக்கு இடதுசாரிகளுக்குத் துணையாயிற்று. அடுத்த வருடமே அவர்களிடம் பாட்டன் பிறந்த இடம் கேட்கப்பட்டது. இவ்விரண்டையும் தற்செயலென்று கொள்வதற்கு மிகுந்த வெள்ளை மனம் வேண்டும். இடதுசாரிக் கட்சிகள் அன்று பாராளுமன்றத்தில் அச்சட்டத்தை எதிர்த்து நின்றமை அவற்றின் வரலாற்றில் ஒளியுள்ள பக்கமாகும்.

சட்டம் நடைமுறைக்கு வந்து இருபத்தைந்தாம் நாள், 1948 டிசம்பர் 10ஆம் தேதி, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. தேசிய இன உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று அதன் 15ஆம் உறுப்புரை கூறியது. உலகம் ஒரு வாயிலைத் திறந்த அதே வேளையில் இங்கே ஒரு வாயில் அடைக்கப்பட்டது.

1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. விவாகமானவர் ஏழு வருடமும் ஆகாதவர் பத்து வருடமும் இடைவிடாது இங்கு வசித்ததைக் காட்டி, 1951 ஆகஸ்ட் 5ஆம் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காகச் சமர்ப்பிக்கப்பட்டன. ஈற்றில் அச்சட்டத்தின்கீழ்ப் பிரசாவுரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேரே. இதற்கிடையில் அதே 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசைகளல்லாதோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிவிட்டது. 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் செய்தது. வழக்கு பிரித்தானியக் கோமறைக் கழகம் வரை சென்றது. 1953இல் அம்மன்றம் இச்சட்டங்கள் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டது பிறப்பேட்டிலும் ஏறியது. 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1954இல் நடைமுறைக்கு வந்தது. சுதந்திரத்தின் பின் வழங்கிய பிறப்புப் பதிவுப் படிவத்திலே இரண்டு கட்டங்களைப் பல தசாப்தங்களாக நாம் காண்கிறோம். பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்பது ஒன்று. தந்தை இலங்கையிற் பிறவாது பூட்டனார் இலங்கையிற் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்பது மற்றொன்று. நம்மிற் பெரும்பாலோர் முதற் கட்டத்தை வாசியாமலே கடந்து செல்கிறோம். இரண்டாங் கட்டத்திற் கிழிக்கப்பட்ட சிறு கோட்டைக் கவனிப்பதுமில்லை. ஆனால் பிரசாவுரிமைச் சட்டத்தின் தலைமுறைக் கணக்கே அங்கு கட்டம் போட்டு நிற்கிறது. பிறந்து சில நாளேயான குழந்தையிடமும் அரசு அதே கேள்வியைக் கேட்டது. பாட்டியும் பூட்டியும் எங்கே பிறந்தார்கள் என்று அப்படிவம் கேட்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. தாய் வழியாகவும் பிரசாவுரிமை வரும் என்று சட்டம் ஒப்புக்கொள்ள 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. 1948இல் எதிர்த்து நின்ற சமசமாஜக் கட்சி, 1964 ஜூனில் அமைச்சரவையிற் சேர்ந்து, ஒப்பந்தம் கையெழுத்தான வேளையில் அரசாங்கத்தின் பங்காளியாயிருந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. நமது பகைவரின் பிழையை எழுதும் பேனா, நண்பரின் பிழையிலே மை வற்றிப் போகுமாயின் அது வரலாறாகாது. 1986இலும் 1988இலும் வந்த சட்டங்கள் ஓரளவு வழிசெய்தன. ஈற்றில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே, 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக இங்கு வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கியது. 1948 முதல் எண்ணினால் ஐம்பத்தைந்து வருடங்கள்.

சட்டம் மாறிவிட்டது, எனவே பிரச்சினை முடிந்தது என்பார் உளர். உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் மேசையிலே கேட்கப்படுவது பத்திரம். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் வழங்கும் தேசிய அடையாள அட்டைக்கும், பாடசாலை அனுமதிக்கும், ஓய்வூதியத்துக்கும், கடவுச்சீட்டுக்கும் அடிப்படை பிறப்பு அத்தாட்சிப் பத்திரமே. பிறந்து மூன்று மாதம் கடந்தால் சாதாரணப் பதிவு இயலாது. சத்தியக் கூற்றும் சான்றுகளும் கூடிய காலங்கடந்த பதிவு வேண்டும். பதிவு கிடையாதென்று உறுதியானால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழியுண்டு. ஒரு மனிதனுடைய பிறப்பை உத்தேசமாகவே ஒப்புக்கொள்ளும் பத்திரம் அது.

வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் இவ்வேட்டின் மதிப்பை இன்னொரு வகையிற் கற்பித்தது. குண்டுவீச்சிற் கட்டடங்கள் சிதைந்தன. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களும், இடம்விட்டு இடம் ஓடிய தமிழ் மக்களும் வீட்டோடு பத்திரங்களையும் விட்டுச் சென்றனர். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை கரையோரத்தில் எஞ்சியவற்றையும் அடித்துச் சென்றது. பதிவுகள் இரு பிரதிகளாக எழுதப்பட்டு ஒன்று மாவட்டத்திலும் மற்றது பதிவாளர் நாயகத்தின் காப்பகத்திலும் பேணப்படும் பழைய முறையே பலருக்கு உயிர் கொடுத்தது. வீட்டிலிருந்த பிரதி அழியலாம். மூலம் இருக்குமானால் மனிதன் மீண்டும் எழுந்து நிற்கலாம். காணாமற்போனோரின் தாய்மாருக்கோ நிலைமை மறுபுறமாயிற்று. இறப்புப் பத்திரம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டம் வழிகாட்டியபோது அவர்களிற் பலர் மறுத்தனர். மகனுடைய பிறப்புப் பத்திரத்தைக் கையிலேந்தி, அவன் எங்கே என்று கேட்டனர். அரசு தன் கையால் முத்திரையிட்டு ஒப்புக்கொண்ட உயிருக்கு அரசே பதில் சொல்ல வேண்டும் என்ற அத்தாய்மாரின் தருக்கத்தை எந்தச் சட்ட அறிஞராலும் மறுக்க இயலாது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? பதிவேடு தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. தோம்பாக அது சமயத்தை வற்புறுத்தியது. துண்டாகக் கடனைச் சுமத்தியது. பாட்டன் பெயர்க் கட்டமாக ஒரு மக்களைப் புறந்தள்ளியது. இறப்பேடாக ஆட்சியின் அலட்சியத்தைக் காட்டிக்கொடுத்தது. தாயின் கையில் நீதி கேட்கும் சாட்சியாயிற்று. ஏட்டை வைத்திருக்கும் வர்க்கம் எது, கேள்வி கேட்கும் அதிகாரம் எவர் கையில் என்பனவே முடிவான வினாக்கள்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் உடனடியான வேலையுண்டு. பாடசாலை இடாப்பில் ஒரு பிள்ளையின் பெயர் ஏறும்போது அப்பெயரும் பிறப்பேட்டுப் பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். பத்திரமில்லாத பிள்ளையைத் திருப்பி அனுப்பாது, பெற்றோரோடு பிரதேச செயலகம் வரை செல்லுதல் வேண்டும். காலங்கடந்த பதிவுக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்தல் வேண்டும். சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பம் வரும் வரை பொறுத்திருத்தல் கூடாது. ஒல்லாந்தர் காலத்து உபாத்தியாயர் ஆட்சியின் கணக்குக்காக ஏடெழுதினார். இன்றைய ஆசிரியர் மக்களின் உரிமைக்காக அதே ஏட்டைத் திறப்பித்தல் தகும். லயத்திலே நேற்றுப் பிறந்த குழந்தையின் பெயர் பிழையின்றி, காலந் தவறாது அங்கு எழுதப்படும்படி பார்த்துக்கொள்வது சிறு காரியம்போலத் தோன்றலாம். நான்கு தலைமுறைக்கு முன் அக்காரியம் செய்யப்படாமையினால் விளைந்ததை அறிந்தவர்கள் அதனைச் சிறிதென்று கொள்ளார்.